கழித்தல் குறி

பம்பாய்,
12-2-1968

அன்புள்ள அக்காவுக்கு,

தேவநாதன் எழுதுவது. நான் இங்கே சௌக்கியம். நீயும் மாமாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? சின்னவளுக்குக் காது வலி நின்றதா? திண்டிவனம் போனால் அப்பாவின் கால் வீக்கத்தைப் பார்த்து எனக்கு எழுது. நான் கேட்டால், "மல்லாட்டை புடுங்கியாச்சு" என்று வேர்க்கடலையைப் பற்றி மட்டும்தான் அவரிடமிருந்து பதில் வருகிறது.

ஒரு சந்தோஷச் செய்தி. படிகங்களுக்குள் அணுக்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்று எங்கள் நிறுவனத்தில் இருப்பது உனக்குத் தெரியும். அதன் புதிய பதிப்பு வெளிநாட்டிலிருந்து டேப்பில் வந்து சேர்ந்திருக்கிறது. நம் தேசத்து ஆராய்ச்சிக்கூடங்களுக்கெல்லாம் அதைக் கொடுக்குமுன் சோதித்து அறிக்கை தர வேண்டும். அந்தப் பொறுப்பைத் தலைவர் என்னிடம் கொடுத்திருக்கிறார். என்னைவிட மூத்தவர்கள் பிரிவில் இருக்க, எனக்கு!

சோதிப்பதற்கு விடை தெரிந்த கணக்கு வேண்டும். அவர்களே அனுப்பியிருக்கும் மாதிரிக் கணக்குகளை அவர்கள் பல தடவை போட்டுப் பார்த்திருப்பார்கள். அவர்கள் கண்ணில் படாத படிகம் ஒன்று வேண்டும். எனக்கு நிலவேம்புச் செடியின் கசப்புச் சத்திலிருந்து நீ வளர்த்த படிகம்தான் நினைவுக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் கையால் சுற்றும் கணக்கு மிஷினோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டி நீ கண்ட விடை. இங்கே அது ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். உன் உழைப்பு சரிதான் என்று ஒரு இயந்திரம் சொல்லக் கேட்க உனக்கும் ஆசை இருக்காதா?

அளவுகள் எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. கொஞ்சம் ஜல்தி.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் தம்பி,
தேவநாதன்

*

விழுப்புரம்,
3-3-1968

அன்புள்ள தம்பி தேவநாதனுக்கு அக்காவின் ஆசிகள்.

எல்லாரும் நலம். காது வலி நின்றது, இப்போது இருமல். அப்பாவின் கால் வடிந்திருக்கிறது. அவர் செருப்புப் போடாமல் ஒலக்கூர் நிலத்துக்குப் போவது மட்டும் நிற்கவில்லை.

ஜல்தி என்று எழுதிவிட்டாய். பள்ளிக்கூடத்தில் பரீட்சை நெருங்குகிறது. எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் கணக்கு, மேலே பௌதிகம், எல்லாம் என் தலையில். அதற்கு நடுவே பரணில் ஏறி எக்ஸ்ரே பிலிம்களை இறக்கினேன். உன் மாமா ரயில் டூட்டி முடிந்து வந்து சாப்பாட்டு மேஜையைப் பார்த்துவிட்டு, "இன்னாமே, வூட்ட ஆஸ்பத்திரியா மாத்திட்ட?" என்றார். புள்ளி புள்ளியாக இருப்பதைக் காட்டி, இந்தப் புள்ளிகளின் கறுப்பு எவ்வளவு என்று அளந்துதான் அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று கணக்குப் போடுகிறோம் என்றேன். "நம்ப சிக்னல் வெளக்க வெச்சே வண்டி எங்க நிக்குதுன்னு தெரிய மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுச் சோற்றுத் தட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அளவுகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் கொண்ட விலாசம் உண்டு என்பது உனக்குத் தெரியும். என் படிகம் செங்கோணமாக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தது. அதனால் பாதிப் புள்ளிகளுக்கு முதல் எண் கழித்தல் குறியோடு வரும். மிஷின் படிப்பதற்காக எண்களைக் கார்டில் துளையிட்டுப் பஞ்ச் செய்கிறவர்களிடம் அதைச் சொல்லிவை.

இன்னொன்று. இதன் முடிவு எதுவானாலும் வெளியே யாருக்காவது அனுப்புமுன் எனக்கு எழுது. உங்கள் அறிக்கை சென்னைக்கும் போகுமா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. அங்கே கடல் காற்றில் சளி பிடிக்கும் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அக்கா,
கிருஷ்ணவேணி

*

பம்பாய்,
30-3-1968

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நாடுவதும் அதுவே. பார்சல் பத்திரமாக வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்துப் பஞ்ச் செய்யும் பெண்கள், அச்சுப் போலிருக்கிறது என்றார்கள்.

ஆனால் கணக்கு வரவில்லை அக்கா. நீ அளந்ததற்கும் உன் அணுக்களை வைத்து மிஷின் கணக்கிட்டதற்கும் உள்ள வித்தியாசம் நாற்பத்து நாலு சதத்தில் நிற்கிறது. நீ கையால் போட்டபோது பதினாறுக்குக் கொண்டுவந்திருந்தாய். மிஷின் அதைப் பத்துக்காவது இறக்கும் என்று நினைத்தேன். இறக்குவதற்குப் பதில் உன் அணுக்களைப் பிடித்து இழுத்து ஒன்றின் மேல் ஒன்றாகக் குவித்துவிடுகிறது. மறுபடி ஓட்டினால் மறுபடி நாற்பத்து நாலு.

மிஷின் எங்களுக்கு எப்போதும் கிடைப்பதில்லை. வானிலைக்காரர்கள், அணுசக்திக்காரர்கள் எல்லாருக்கும் பிறகு எங்கள் முறை. ஒரு தடவை தோற்றால் அடுத்த முறைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதே. புள்ளிகளுக்கு விலாசம் போட்டபோது எங்காவது மாறிப் போயிருக்குமா? அந்த நாளில் உனக்கும் வேலை அதிகம், கல்யாணப் பேச்சு வேறு நடந்துகொண்டிருந்தது. ஒரு தடவை பிலிமைப் பார்த்துச் சொல்லேன்.

அப்பா அம்மாவுக்கு வணக்கம்.

தேவநாதன்

*

விழுப்புரம்,
14-4-1968

தம்பி தேவநாதனுக்கு,

இங்கு நலம். நீயும் நலமாக இருப்பாய்.

கல்யாணப் பேச்சு நடந்தது எனக்குத்தான், பிலிமுக்கு இல்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு மறுநாள் காலை பஸ் ஏறிச் சென்னைக்குப் போய்ப் புள்ளி அளந்தவள் நான்.

இருந்தும் நீ கேட்டாய் என்று பார்த்தேன். விடைத்தாள் கட்டுகளைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தேன். மழையில் இரண்டு பிலிம் ஒட்டிக்கொண்டிருந்தன. வெந்நீர் ஆவியில் காட்டிப் பிரித்தேன். விலாசங்கள் சரி. அளவுகள் சரி. சமச்சீரும் சரி. பெரியவன் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, நீ யார்கிட்ட சண்ட போட்டுகினு இருக்க?" என்று கேட்டான். நான் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை.

பழைய பதிப்பில் இதைப் போட்டுப் பார்த்தாயா? வகுப்பில் டிக்டேஷன் எழுதச் சொன்னால், எழுதியதை ஒரு தரம் திருப்பிப் படிக்கச் சொல்வேன். உன் மிஷின் கார்டிலிருந்து படித்ததை அப்படியே அச்சடித்துத் தரச் சொல். அதன் பிறகு என் விலாசத்தைச் சந்தேகப்படலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கிருஷ்ணவேணி

*

பம்பாய்,
4-5-1968

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே வெயில் புழுங்கித் தள்ளுகிறது. எனக்கு நான்கு நாள் காய்ச்சல், இப்போது தேவலை.

பழைய பதிப்பை மிஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதை மறுபடி ஏற்ற வேண்டுமானால் தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டேன். "புதியதைச் சோதிக்கச் சொன்னால் பழையதைக் கேட்கிறாயே" என்றார். படித்ததைத் திருப்பி அச்சடிக்கும் வசதி பழைய பதிப்பில் இருந்தது. காகிதமும் நேரமும் மிச்சமாகட்டும் என்று புதியதில் அதை எடுத்துவிட்டார்கள். நாமே தனியாக ஒரு சின்ன புரோகிராம் எழுதினால்தான் முடியும். அதற்கு மிஷின் நேரம் வேண்டும்.

கார்டுகளை எல்லாம் மறுபடி பஞ்ச் செய்து ஓட்டினேன். நாற்பத்து மூன்று. சலித்துவிட்டது அக்கா. டேப்பில் வந்த மாதிரிப் படிகங்கள் ஒன்று பாக்கியில்லாமல் சரியாக வருகின்றன. இங்கே பிரிவில் வேறொருவர் அளந்த படிகமும் சரியாக வந்துவிட்டது. உன்னுடையது மட்டும்தான் வருவதில்லை. மாதக் கடைசியில் அறிக்கை கொடுத்தாக வேண்டும். தலைவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அந்த நிலவேம்பு என்னாச்சு?" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

தேவநாதன்

*

திண்டிவனம்,
20-5-1968

அன்புள்ள தம்பிக்கு,

கோடை விடுமுறைக்கு அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறேன். உனக்குக் காய்ச்சல் என்றதும் அம்மா மாரியம்மனுக்குக் காசு முடிந்துவைத்துவிட்டாள். கஞ்சி வைத்துத் தர அங்கே யாராவது இருக்கிறார்களா?

உன் கடிதம் கிடைத்ததும் தபாலாபீசுக்குப் போய்ப் பம்பாய்க்கு டிரங்கு கால் போட்டேன். காலையில் பதிந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். லைன் கிடைத்ததும் உன் குரல், "ஹலோ, ஹலோ, யாரு?" என்றது. நான் கத்தினேன். நீ மறுபடி, "யாரு?" என்றாய். லைன் போய்விட்டது. போஸ்ட் மாஸ்டர், "இன்னாம்மா, ஊருக்கே கேட்டுச்சி, பம்பாய்க்கு மட்டும் கேக்கலியா?" என்றார்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன் மிஷின்கிட்ட குந்திகினு கேக்கறான், நீ பிலிம்ம பாத்துகினு சொல்ற. ரெண்டு பேரும் எம்புள்ளைங்க. நான் யார நம்பறது?" என்றார். நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

நான் டிரங்கு காலில் கேட்க நினைத்தது ஒன்றுதான். அறிக்கையில் என் படிகத்தைப் பற்றி என்ன எழுதப் போகிறாய்? ஒன்றும் எழுதாமல் விட முடியுமா? சோதனை முடியவில்லை என்று எழுத முடியுமா? உடனே பதில் போடு. திண்டிவனம் விலாசத்துக்கே போடு.

அக்கா,
கிருஷ்ணவேணி

*

பம்பாய்,
29-6-1968

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஆபீசில் மூச்சு விட நேரமில்லை. அன்றைக்கு அந்த டிரங்கு கால் நீதானா? யாரோ ராங் நம்பர் என்று நினைத்தேன்.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ரயில்கள் ஓடுவதில்லை. மாமா வந்து பார்த்தால் நம் விழுப்புரம் ஜங்ஷனே பரவாயில்லை என்பார். பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருக்கிறேன். அங்கே எதற்குக் கம்பளி என்று நீ கேட்பாய். நிறம் நன்றாக இருந்தது.

அறிக்கை போய்விட்டது. நீ கவலைப்படும்படி ஒன்றுமில்லை. புதிய பதிப்பை எல்லாரும் உபயோகிக்கலாம் என்று தலைவர் முடிவு செய்துவிட்டார். எனக்கு மேலதிகாரிகளிடம் நல்ல பெயர்.

அம்மா சொல்லும் அந்தத் திருவெண்ணெய்நல்லூர்ப் பெண் விஷயத்தைத் தையில் பேசிக்கொள்ளலாம் என்று சொல். இப்போது அவசரப்படுத்த வேண்டாம்.

எல்லாருக்கும் என் அன்பு.

தேவநாதன்

*

திண்டிவனம் ஸ்டேஷன்,
22-9-1968

மச்சான் தேவநாதனுக்கு சுப்பராயலு எழுதிக்கொண்டது.

கடவுள் புண்ணியத்தில் யாவரும் சுகம். உன் சுகத்துக்கும் எழுதவும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. என் கூட்ஸ் வண்டியை இங்கே ஓரங்கட்டிவிட்டார்கள். எப்போது விடுவார்கள் என்று தெரியாது. அதனால் எழுதுகிறேன். நான் எழுதினேன் என்று உன் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

நீ போட்ட இரண்டு தபால் கார்டையும் அவள் படித்தாள். பதில் போட்டாயா என்று கேட்டேன். "போடலாம்" என்றாள்.

உனக்குத் தெரியாத சங்கதி ஒன்று. போன வருஷம் கடைசியில் அவள் தன் ஆராய்ச்சியை எல்லாம் எழுதி டாக்டர் பட்டத்துக்கு யுனிவர்சிட்டியில் கொடுத்தாள். பழைய புரொபசர் ரிட்டையர் ஆகிவிட்டாலும், இதுதான் கடைசி வாய்ப்பு, கொடு என்று அவர்தான் சொன்னார். விடியற்காலையில் எழுந்து டைப் அடிக்கக் கொடுக்கிறதற்கு எழுதுவாள். உனக்குச் சொல்லலாமே என்றேன். "கெடச்சப்புறம் சொல்லிக்கலாம். எல்லாரும் இன்னும் முடியலியா, இன்னும் முடியலியான்னு கேட்டு என்னை சாவடிச்சிட்டாங்க" என்றாள். புதிதாக வரும் காலேஜில் வேலைக்கும் எழுதிப் போட்டிருந்தாள். பட்டம் வந்தால் கிடைக்கும்.

ஆகஸ்டில் கவர் வந்தது. அடுப்படியில் நின்றுகொண்டே படித்தாள். ஸ்டவ்வை அணைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். அன்று எங்களுக்குச் சோறு இல்லை. பட்டம் இல்லை, திருத்திக் கொடு என்று திருப்பிவிட்டார்கள். பம்பாயில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்ததில் இந்த நிலவேம்பின் அளவுகளில் விலாசத் தவறு இருப்பதாகத் தெரிகிறது என்று அங்கிருந்து எல்லா ஆராய்ச்சிக்கூடங்களுக்கும் அறிக்கை வந்திருக்கிறதாம். பரீட்சை பார்த்தவர் அதைத்தான் எழுதியிருக்கிறார். அறிக்கையின் கீழே உன் பெயர் இருக்கிறதாம்.

நான் வாயில் வந்தபடி உன்னைத் திட்டினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள், "அவன் எம்பேர எழுதல, படிகத்தோட பேரத்தான் எழுதினான். அவனுக்கு இன்னா தெரியும்?" என்றாள். ஆனால் அந்தப் படிகத்தை இந்தத் தேசத்தில் வேறு யாரும் தொட்டதில்லையாமே.

மச்சான், எனக்குப் படிகமும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. என் பெண்டாட்டியைத் தெரியும். புடவையில் ஒரு நூல் பிரிந்திருந்தால்கூட விடமாட்டாள். நீ அந்த மிஷினைத் திரும்பப் பார். வண்டிக்குக் கொடி காட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
சுப்பராயலு

*

பம்பாய்,
26-10-1968

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆய்வேடு திரும்பி வந்ததை ஒருவர் மூலம் தெரிந்துகொண்டேன். ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை? அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லைதான். ஆனாலும் கேட்கிறேன்.

அந்த அறிக்கையில் நான் எழுதியது ஒரே வாக்கியம். நிலவேம்புப் படிகம் சரிவராதது அளவுகளின் விலாசத் தவறால் இருக்கலாம் என்று எழுதினேன். 'இருக்கலாம்' என்பதைத் தலைவர் அடித்துவிட்டு, 'எனத் தெரிகிறது' என்று மாற்றினார். நான் பேசாமல் கையெழுத்துப் போட்டேன். உனக்கு எழுதியபோது கம்பளிச் சட்டையைப் பற்றி எழுதினேன்.

செய்தி தெரிந்த அன்றே நீ சொன்னதைச் செய்ய உட்கார்ந்தேன். படித்ததைத் திருப்பி அச்சடிக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். மிஷின் நேரத்துக்கு வானிலைப் பிரிவு நண்பனிடம் கெஞ்சினேன். தந்தான். அச்சடித்து வந்த காகிதத்தை வரிவரியாகப் பார்த்தேன். உன் படிகத்தில் ஒரு கழித்தல் குறிகூட இல்லை! கார்டில் இருக்கிறது. முதல் எண்ணின் குறி விழும் கட்டத்தைப் புதிய பதிப்பு படிக்காமலே தாண்டிப் போகிறது. உன் புள்ளிகளில் பாதி அடுத்த வீட்டு விலாசத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. எந்தப் பரப்பிரம்மம் வந்தாலும் நாற்பதுக்குக் கீழே இறக்க முடியாது. அவர்களுடைய மாதிரிப் படிகங்கள் அத்தனையும், எங்கள் பிரிவில் அளந்ததும்கூட, செங்கோணமானவை. அவற்றில் கழித்தல் குறிக்கு வேலையே இல்லை. அதனால்தான் எல்லாம் சரியாக வந்தன.

அந்த ஒரு கட்டத்தைத் திருத்தி மறுபடி ஓட்டினேன். ஒன்பது சதம் அக்கா. உன் அணுக்கள் நீ வைத்த இடத்தைவிட்டு மயிரிழைதான் நகர்ந்தன.

காகிதத்தோடு தலைவர் அறைக்குப் போனேன். "அந்த அறிக்கை முடிந்துபோன விஷயம், தேவநாதன்" என்றார்.

"முடியவில்லை சார். அதில் நாம் எழுதியது பொய். அதனால் ஒருவரின் பட்டம் நின்றுபோயிருக்கிறது."

"யார் அது?"

"என் அக்கா."

அவர் காகிதத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். "இதை முதலிலேயே சொல்லியிருந்தால் உன் சோதனையை நான் நம்பியிருக்கமாட்டேன்" என்றார். பிறகு, "சொல்லாமல் நீ செய்த சோதனையும் ஒன்றும் உருப்படியாக இல்லை" என்றார். மறுப்பு அறிக்கை எழுதச் சொன்னார். இந்தத் தடவை அவர் எதையும் அடிக்கவில்லை. எல்லாக் கூடங்களுக்கும், யுனிவர்சிட்டிக்கும் அனுப்பியிருக்கிறோம். 'விழுப்புரம் கிருஷ்ணவேணியின் அளவுகள் சரி. புரோகிராமின் புதிய பதிப்பு தவறு' என்று உன் பெயரோடு எழுதியிருக்கிறேன்.

என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் எழுது.

தேவநாதன்

*

விழுப்புரம்,
17-11-1968

தேவநாதன்,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள் அறையில் பிரித்தேன். கழித்தல் குறி என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. தலைமையாசிரியை எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். மார்ச் மாதம் நான் உனக்கு எழுதியதே அதைத்தானே!

திட்டச் சொல்கிறாய். புரோகிராம் என்னை நம்பவில்லை. அதற்கு என்னைத் தெரியாது. உன் தலைவருக்கும் தெரியாது. பரீட்சை பார்த்தவர் கையில் கிடைத்த காகிதத்தை நம்பினார். அவர்கள் மேல் எனக்கு எரிச்சல் உண்டு, கோபம் இல்லை. உனக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு கணக்கை நான் எத்தனை தடவை சரிபார்ப்பேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நீ. மிஷின் இல்லையென்று சொன்னதும் உனக்கு என் கல்யாணப் பேச்சுதான் நினைவுக்கு வந்தது. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. வெளியே அனுப்புமுன் எனக்கு எழுது என்று கேட்டேன். அது பெரிய வரமா?

நான் ஆய்வேட்டை மறைத்தேன், அது என் முட்டாள்தனம். சொல்லியிருந்தால் நீ ஜாக்கிரதையாக இருந்திருப்பாய். ஆனால் பட்டத்துக்காகத்தான் ஜாக்கிரதை வர வேண்டுமா?

சென்னைக்குப் போய் வந்தேன். உன் மாமாவும் லீவு போட்டு வந்தார். யுனிவர்சிட்டி ஆபீசில் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு அனுப்பினார்கள். கடைசி ஜன்னலில் இருந்தவர், "மறுப்பு வந்திருக்கும்மா. ஆனா திருத்தித் தரச் சொன்னத திருத்தாம வாங்க ரூல் இல்ல" என்றார். "எதைத் திருத்துவது? தப்பே இல்லையே" என்றேன். "ஏதாவது ஒண்ண திருத்திக் குடுங்களேன்" என்றார். உன் மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், சரியா இருக்கறத கெடுத்துக் குடுக்கச் சொல்றீங்களா?" என்று சத்தம் போட்டார். கூட்டம் கூடிவிட்டது. ஒரு வழியாகப் பரீட்சகருக்கே எழுதிக் கேட்பதாகச் சொன்னார்கள்.

புதுக் காலேஜ் வேலைக்கு வேறு ஒருவரை எடுத்தாயிற்று. அது முடிந்தது.

அப்பாவுக்கு இதையெல்லாம் எழுதாதே. அவருக்குக் கால் மறுபடி வீங்கியிருக்கிறது.

கிருஷ்ணவேணி

*

பம்பாய்,
24-12-1968

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அதில் நான் மறுக்கக்கூடியது எதுவுமில்லை. அப்பாவுக்கு மருந்து வாங்கி அனுப்பியிருக்கிறேன்; மாமாவிடம் கொடுத்துச் சாப்பிடவைக்கச் சொல். அவர் சொன்னால் அப்பா கேட்பார்.

தவறை எழுதி அனுப்பியதற்கு வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது. திருத்திய பதிப்பை அடுத்த மாதம் அனுப்புகிறார்களாம். பம்பாய்க் குழுவுக்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள். அது குழு இல்லை, திருமதி கிருஷ்ணவேணி என்று திருப்பி எழுதினேன். தலைவர் கையெழுத்துப் போட்டார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். திருத்திய பதிப்பைச் சோதிக்கும் பொறுப்பில் உன்னையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்கச் சொன்னார். சாய்ந்த படிகங்களை அளந்து பழகியவர் ஒருவர் வேண்டுமாம். நிறுவனத்திலிருந்து முறையான கடிதம் தனியாக வரும். நீ மாட்டேன் என்றால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் ஏன் என்று கேட்கமாட்டேன்.

பொங்கலுக்கு வரலாம் என்றிருந்தேன். உனக்கு என்னைப் பார்க்க இஷ்டமில்லையென்றால் திண்டிவனத்தோடு திரும்பிவிடுகிறேன்.

தேவநாதன்

*

விழுப்புரம்,
23-2-1969

அன்புள்ள தம்பி தேவநாதனுக்கு,

இங்கு எல்லாரும் நலம். அப்பாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. உன் மருந்தால் என்று நான் சொல்கிறேன், வேப்பெண்ணெயால் என்று அம்மா சொல்கிறாள்.

பொங்கலுக்கு வந்தவன் உண்மையாகவே திண்டிவனத்தோடு திரும்பிப் போய்விட்டாய். நான் கிளம்பித்தான் இருந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். அங்கே நின்றதும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். இருவரும் ஒரே ரகம்.

பரீட்சகர் பதில் எழுதிவிட்டார். மறுப்பைப் படித்தாராம், ஆய்வேட்டை இருந்தபடியே ஏற்கிறாராம். ஒரு வருத்தமும் தெரிவிக்கவில்லை. போகட்டும். மார்ச் கடைசியில் சென்னையில் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். பட்டம் வந்தாலும் போன வேலை வராது. வேறு காலேஜ்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், பள்ளிக்கூடத்தை விடவில்லை.

உங்கள் நிறுவனத்தின் கடிதம் வந்தது. ஒப்புக்கொள்கிறேன். எனக்குச் சில நிபந்தனைகள் உண்டு. மிஷின் கார்டிலிருந்து படித்ததை அச்சடித்து முதலில் எனக்கு அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து நான் சரி என்று எழுதாமல் கணக்கை ஓட்டக் கூடாது. அறிக்கையை நான் எழுதுவேன். 'இருக்கலாம்' என்று நான் எழுதினால் அது 'இருக்கலாம்' என்றே அச்சாக வேண்டும். இதை உன் தலைவரிடம் நீயே போய்ச் சொல். நான் எழுதினால் மரியாதையாக எழுதிவிடுவேன்.

மன்னித்தாயா என்று அம்மா மூலமாகக் கேட்டிருக்கிறாய். இன்னும் இல்லை. சில நாள் மறந்திருக்கிறேன். சில நாள் விடைத்தாள் திருத்தும்போது ஒரு பெண் கழித்தல் குறியை விட்டிருப்பாள். உடனே எல்லாம் திரும்ப வந்துவிடும், பாவம் அவளுக்கு மார்க் போய்விடும்.

தேர்வுக்கு நீ வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. வந்தால் கடைசி வரிசையில் உட்கார். பரீட்சகர் என்ன கேட்டாலும் எழுந்து பேசாதே. எனக்குப் பதில் தெரியும். உன் மாமா அன்று லீவு போட்டிருக்கிறார். "மச்சானுக்கும் எடம் புடிச்சி வெக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அக்கா,
கிருஷ்ணவேணி